அக்கா பையனும் ஆர்ம்பாரும்

"பிஜேஜே எல்லாம் முடிஞ்சுபோன கதை சித்தி. இப்ப யாரு அதை வெச்சு ஜெயிக்கிறா?"

என் அக்கா பையன் இதைச் சொன்னபோது வாய் நிறைய இட்லியும் வடைகறியும். விடுதியில் தங்கி இன்ஜினியரிங் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமையானால் பெரம்பூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். அமெரிக்காவில் சனிக்கிழமை ராத்திரி நடக்கிற யுஎஃப்சி என்ற கூண்டுச் சண்டைப் போட்டி நமக்கு ஞாயிறு காலை டிபன் நேரத்தில்தான் வரும். வீட்டில் மற்றவர்கள் பேப்பரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார்கள். டிவி முன்னால் நானும் அவனும் மட்டும்.

அவன் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பிஜேஜே என்பது பிரேசிலியன் ஜுஜிட்சு, தரையில் கிடந்து பிடித்தும் நெரித்தும் போடுகிற சண்டை. அது மட்டும் தெரிந்த ஒருவர் இன்று குத்து, உதை, பிடி எல்லாம் கலந்த எம்எம்ஏ கூண்டுக்குள் போனால் அடி வாங்கிக்கொண்டுதான் வெளியே வருவார். மல்லாக்கப் படுத்துக்கொண்டு "வா, வா" என்று கூப்பிடுகிறவர்களைக் கிண்டல் செய்யும் ரீல்ஸை அவன் எனக்கு அடிக்கடி அனுப்புவான். நானும் சிரிப்பேன். ஆனால் "முடிஞ்சுபோன கதை" என்பதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. அதை ஒரு டிபன் நேரத்துக்குள் சொல்லி முடிக்கவும் முடியவில்லை. அதனால் இந்தப் பதிவு. அவனும் படிப்பான், நாலாவது பத்தியோடு நிறுத்திவிடுவான்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் பிசியோதெரபிஸ்ட். காலையிலிருந்து ராத்திரி வரை முழங்கால், தோள்பட்டை, கழுத்து. கல்லூரியில் ஜூடோ ஆடினேன். அப்புறம் கல்யாணம், பிள்ளைகள், கிளினிக் என்று நீண்ட இடைவெளி. இப்போது புரசைவாக்கம் பக்கம் ஒரு மாடியில் நடக்கிற பிஜேஜே வகுப்புக்குச் சாயங்காலங்களில் போய்வருகிறேன். அங்கே கோச்சைத் தவிர எல்லாருக்கும் நான் "அக்கா". எம்எம்ஏ கூண்டில் ஏறியதில்லை, ஏறவும் மாட்டேன். மூட்டு எந்தப் பக்கம் போனால் போகும் என்று தெரிந்து சண்டை பார்க்கிறவள், அவ்வளவுதான்.

சரி, 1993-க்கு வருவோம்.

அந்த வருஷம் நவம்பர் 12, அமெரிக்காவின் டென்வர் நகரம். எட்டு பேர், ஒரே ராத்திரி, தோற்றவர் வெளியே. எடைப் பிரிவு கிடையாது, நடுவர்கள் போடும் புள்ளி கிடையாது. கடிக்கக்கூடாது, கண்ணைத் தோண்டக்கூடாது. ஜெயித்தால் ஐம்பதாயிரம் டாலர். குத்துச்சண்டைக்காரர், கராத்தேக்காரர், சுமோ ஆடியவர், சவாட் என்ற பிரெஞ்சு உதைச்சண்டை ஆடும் டச்சுக்காரர் என்று வந்தவர்களில் வெள்ளை கீ (ஜூடோக்காரர்கள் போடுவது மாதிரி உடுப்பு) போட்ட ஒல்லியான ஆள் ஹோய்ஸ் கிரேசி. சுமார் 80 கிலோ. போட்டியை நடத்தியவர்களில் ஒருவர் ஹோய்ஸின் சொந்த அண்ணன் ஹோரியன். கிரேசி குடும்பம் தன் சரக்கை உலகத்துக்குக் காட்ட உதவிய மேடைதான் முதல் யுஎஃப்சி. வீட்டில் இவரைவிடப் பெரிய சண்டைக்காரர் என்று பேர் வாங்கிய ஹிக்சன் இருக்க, பார்க்க அப்பாவியாக இருந்த தம்பியை இறக்கினார்கள் என்பார்கள். வியாபார மூளை.

அன்றைக்கு ஹோய்ஸ் மூன்று பேரை ஜெயித்தார். எல்லாரும் பேசுவது கடைசிச் சண்டையைப் பற்றித்தான், ஜெரார்ட் கோர்டோவின் கழுத்தைப் பின்னாலிருந்து நெரித்ததை. எனக்கு முக்கியமாகப் படுவது முதல் சண்டை. எதிரில் ஆர்ட் ஜிம்மர்சன், தொழில்முறை குத்துச்சண்டைக்காரர். ஒரு கையில் மட்டும் கிளவுஸ் மாட்டிக்கொண்டு வந்தார். அந்தக் கோலத்தையே இன்றுவரை எல்லாரும் கேலி செய்கிறார்கள். ஹோய்ஸ் அவரைக் கீழே தள்ளி, நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்தார். அதற்கு மவுண்ட் என்று பேர். ஜிம்மர்சன் கொஞ்ச நேரம் திமிறிப் பார்த்தார். அப்புறம் தட்டிவிட்டார். தட்டினால் தோல்வியை ஒத்துக்கொண்டதாக அர்த்தம்.

கவனித்துப் பாருங்கள். கழுத்தில் கை இல்லை. எந்த மூட்டும் மாட்டவில்லை. ஒரு மனிதன் மேலே உட்கார்ந்திருக்கிறான், எப்படி வெளியே வருவதென்று தெரியவில்லை, அவ்வளவுதான் காரணம். குத்துச்சண்டையில் எத்தனையோ வருஷம் கற்றதெல்லாம் அந்த நிலையில் ஒரு பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லை என்பது அவருக்கே புரிந்துவிட்டது. பிஜேஜே எம்எம்ஏ-வுக்குக் கொடுத்த பெரிய விஷயம் நெரிப்பதோ முறுக்குவதோ இல்லை என்று நான் சொல்வது இதனால்தான். சண்டை தரைக்குப் போனபின் யார் எங்கே இருக்கிறார்கள் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதுகைப் பிடித்தால் உச்சம், நெஞ்சின் மேல் ஏறினால் அதற்கு அடுத்தது, பக்கவாட்டில் அமுக்கினால் அதற்கும் கீழே, இருவர் கால்களும் பின்னிக்கொண்டால் இன்னும் கீழே. இந்த வரிசை அன்றைக்குப் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. இன்றைக்கு வர்ணனையாளர் "பேக் எடுத்துட்டார்" என்று கத்தினால், கண்ணை மூடிக்கொண்டு இட்லி தின்கிற என் அக்கா பையன்கூட நிமிர்ந்து உட்காருகிறான்.

1994 கடைசியில் டான் செவர்ன் வந்தார். மல்யுத்தத்தில் பெரிய பேர், 115 கிலோவுக்கு மேல். ஹோய்ஸைக் கீழே போட்டுக் கால் மணி நேரம் மேலேயே கிடந்தார். பார்த்தவர்கள் ஹோய்ஸ் தோற்றுக்கொண்டிருப்பதாகவே நினைத்திருப்பார்கள். திடீரென்று கீழே கிடந்தவரின் கால்கள் செவர்னின் கழுத்தையும் ஒரு கையையும் சேர்த்துப் பூட்டிவிட்டன. டிரையாங்கிள். நேரம் தாண்டிவிட்டதால் காசு கட்டிப் பார்த்தவர்கள் பலருக்கு முடிவு வருவதற்கு முன்பே ஒளிபரப்பு நின்றுபோனது. என்ன வயிற்றெரிச்சலாக இருந்திருக்கும்!

மல்லாந்து கிடப்பவன் ஜெயிப்பது என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் ஏறாத சமாச்சாரம். அப்பா வியாசர்பாடியில் வளர்ந்தவர். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று ஆள் பிரிந்து குத்துச்சண்டை பார்த்த தலைமுறை. அவருக்குக் கீழே விழுந்தால் பத்து எண்ணுவார்கள், எழுந்திருக்காவிட்டால் போச்சு. நான் ஆடிய ஜூடோவிலும் முதுகு பட நன்றாக விழுந்தால் இப்பான், அந்த நிமிஷமே ஆட்டம் முடிந்தது. மல்யுத்தத்திலும் இரண்டு தோளும் தரையில் பட்டால் தோல்வி. ஆனால் நம் ஊருக்குத் தரைச் சண்டை தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. ஆமூர் மல்லனை ஒரு சோழ இளவரசன் மடக்கியதைப் பாடும் சங்கப் பாட்டு ஒன்று இருக்கிறது. ஒரு காலை அவன் மார்பில் மண்டியிட்டு, அவன் செய்கிற தந்திரத்தை விலக்கி மறு காலை முதுகுப் பக்கம் வளைத்தான் என்று வரும். எங்கள் கோச்சிடம் சொன்னேன். "அது நீ ஆன் பெல்லி" என்றார் சாதாரணமாக. எதிராளியின் வயிற்றில் முழங்காலை ஊன்றி அமுக்குவதற்கு அதுதான் பேர்.

ஜூடோக்காரி என்ற முறையில் இங்கே ஒரு சின்ன வழக்கு வைக்கிறேன். பிரேசிலியன் என்று பேர் இருந்தாலும் வேர் ஜப்பானில். ஜிகோரோ கானோ 1882-இல் தொடங்கிய கோடோகான் ஜூடோ பள்ளியில் பயின்ற மிட்சுயோ மாயேடா, ஊர் ஊராகப் பந்தயச் சண்டை போட்டபடி 1914-இல் பிரேசில் வந்து, கடைசியில் பெலேம் நகரில் தங்கினார். அங்கே கார்லோஸ் கிரேசி என்ற பையன் அவரிடம் கற்றுக்கொண்டான். கார்லோஸ் 1925-இல் ரியோவில் பள்ளி திறந்தார். தம்பி ஹெலியோ நோஞ்சான். தூக்கி எறிகிற வேலையெல்லாம் அவர் உடம்புக்குச் சரிப்படவில்லை. அதனால் கீழே கிடந்தபடியே நெம்புகோல் மாதிரி வேலை செய்கிற பிடிகளை எடுத்து, தேய்த்துத் தேய்த்துக் கூர்மையாக்கினார்கள். ஜூடோ நாளடைவில் தரையில் கிடக்கும் நேரத்தைக் குறைத்து, எறிதலுக்கு மதிப்புக் கொடுத்தது. இவர்கள் நேர் எதிர்த் திசையில் போனார்கள். கண்டுபிடித்தது யார் என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. ஆனால் தரையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கிடக்கலாம் என்று முடிவெடுத்தது கிரேசிகள்தான், அந்தப் பெருமையை அவர்களுக்குத் தரவேண்டும்.

1951-இல் ரியோவின் மரக்கானா மைதானத்தில் அந்த ஹெலியோவோடு ஜப்பானின் மசாஹிகோ கிமுரா மோதினார். ஜூடோ உலகில் கிமுராவுக்கு நிகர் அப்போது யாருமில்லை. இரண்டாவது சுற்றில் ஹெலியோவின் கையை முதுகுப் பக்கமாகத் திருகினார். ஹெலியோ தட்டவில்லை. கை உடைந்தது, அண்ணன்தான் சண்டையை நிறுத்தச் சொன்னார். அந்தப் பிடிக்கு இன்று உலகம் முழுக்கக் கிமுரா என்றே பேர். தட்டாமல் கிடந்ததை வீரம் என்று சிலாகிப்பார்கள். தோள்பட்டையை மாசக்கணக்கில் தேற்றிக் கொடுக்கிற என்னைக் கேட்டால், தட்டுவதற்குத்தான் கை இருக்கிறது.

எங்கள் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொன்னால் கீழே கிடப்பவர் எப்படி ஜெயிக்கிறார் என்பது புரியும். உணவு டெலிவரி வேலை பார்க்கும் பையன் ஒருவன் வருவான். ஹெல்மெட்டையும் பெரிய பையையும் வாசலில் வைத்துவிட்டு, முகம் கழுவி மேட் என்கிற பயிற்சி விரிப்பில் இறங்குவான். ஐம்பத்தைந்து கிலோ இருந்தால் அதிகம். அன்றைக்குப் புதிதாக ஒருவர் வந்திருந்தார். ஜிம்மில் வளர்த்த உடம்பு, டிஷர்ட் கை கிழிகிற மாதிரி புஜம். இருவரையும் சேர்த்துவிட்டார் கோச்.

பையன் மல்லாந்து படுத்து, வந்தவரின் இடுப்பைச் சுற்றிக் காலைப் பூட்டிக்கொண்டான். குளோஸ்டு கார்டு. மேலே இருந்தவர் கொஞ்சம் சங்கடத்தோடு சிரித்தார், பாவம், சின்னப் பையனை அமுக்குகிறோமே என்று. பையன் அவர் கழுத்தின் பின்னால் ஒரு கை போட்டுத் தன் பக்கம் இழுத்தான். அவர் நிமிரப் பார்த்தார். நிமிர்வதற்காக ஒரு கையை அவன் நெஞ்சில் ஊன்றினார். அதற்காகத்தானே காத்திருந்தான்! அந்த மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சோடு ஒட்டினான். இடுப்பை ஒரு பக்கம் திருப்பினான். ஒரு கால் அவர் அக்குளுக்குக் கீழே, மறு கால் முகத்துக்கு மேலே. அவர் பக்கவாட்டில் உருண்டபோது கை மட்டும் அவனோடு தங்கிவிட்டது, கட்டைவிரல் கூரையைப் பார்த்தபடி. இதற்குத்தான் ஆர்ம்பார் என்று பேர்.

அந்தக் கட்டைவிரலை நான் எப்போதும் பார்ப்பேன். அது மேலே பார்த்தால் முழங்கை மடியும் பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் பையனின் இடுப்பெலும்பின் மேல் இருக்கிறது என்று அர்த்தம். அவன் இடுப்பை மூன்று விரல்கடை தூக்கினால் போதும். முழங்கை நேராகி, நேருக்கும் மேலே போகும். முன்பக்கத்து உறையும் உள்பக்கத்துத் தசைநாரும்தான் முதலில் இழுபடும். ஒருவருடைய ஒற்றை முழங்கைக்கு எதிரே இன்னொருவருடைய முதுகு, இடுப்பு, இரண்டு தொடை என்று மொத்த உடம்பும் நிற்கிறது. புஜம் எவ்வளவு பெரிசாக இருந்தால் என்ன? "தட்டுங்க சார், தட்டுங்க!" என்று கோச் கத்த, அவருக்கு எதைத் தட்டச் சொல்கிறார்கள் என்றே புரியவில்லை. பையனே விட்டுவிட்டு, "தரையில தட்டினா விட்ருவோம்ணா" என்று விளக்கினான்.

இதுவரை படித்தால் பிஜேஜே வெல்ல முடியாத வித்தை போலத் தோன்றும். அதே பையனிடம் சில சமயம் கோச் இன்னொரு விளையாட்டு விடுவார். மேலே இருப்பவர் சின்ன கிளவுஸ் மாட்டிக்கொண்டு லேசாக முகத்தில் தட்டலாம். அவ்வளவுதான், எல்லாம் மாறிவிடும். மணிக்கட்டைப் பிடிக்கப் போனால் நெற்றியில் ஒன்று விழும். கால் பூட்டைத் திறந்தால் இன்னொன்று. அழகாகக் கோணம் எடுக்க நேரமே கிடைக்காது.

எம்எம்ஏ-வில் இது 1996 வாக்கில் நடந்தது. மார்க் கோல்மன் என்ற மல்யுத்த வீரர் ஆட்களைக் கீழே போட்டு, அவர்கள் கால்களுக்குள் இருந்தபடியே குத்தினார். அப்போது தலையால் முட்டுவதும் ஆட்டத்துக்குள்தான். கீழே படுத்து ஜெயிக்கலாம் என்ற கனவில் முதல் ஓட்டை விழுந்தது. ஆனால் அடுத்த வருஷமே கோல்மனைத் தோற்கடித்தவர் யார் தெரியுமா? மோரிஸ் ஸ்மித், கிக்பாக்ஸர். கீழே விழுந்தபோது காலால் பூட்டி, தலையைக் காத்துக்கொண்டு, கோல்மனுக்கு மூச்சு வாங்கும்வரை தாக்குப்பிடித்தார். அப்புறம் எழுந்து உதைத்தார். தரைப் பாடம் கற்ற ஒரு கிக்பாக்ஸர் இப்படித்தான் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். இது யார் கணக்கில் வரவேண்டும்? அக்கா பையன் கிக்பாக்ஸிங் கணக்கில் எழுதுகிறான்.

ஜப்பானில் கசுஷி சகுராபா கிரேசி குடும்பத்தையே வரிசையாகச் சாய்த்தார். 2000 மே 1 அன்று டோக்கியோவில் ஹோய்ஸோடு நடந்தது கொடுமை. கிரேசி தரப்பு கேட்ட விதி, கால் மணி நேரச் சுற்றுகள், சுற்றுகளுக்குக் கணக்கே கிடையாது. ஆறு சுற்று, தொண்ணூறு நிமிஷம் ஆனபின் ஹோய்ஸின் பக்கத்திலிருந்து போதும் என்று துண்டு விழுந்தது. அதே வருஷம் ஹென்சோ கிரேசியின் முழங்கையை சகுராபா பிசகவைத்தார். எந்தப் பிடியால்? கிமுரா. ஹென்சோவும் தட்டவில்லை. இந்தக் குடும்பத்துக்கு என்னைப் போல ஒரு பிசியோ நிரந்தரமாகத் தேவைப்பட்டிருக்கும்.

அப்புறம் விதிகள் வந்தன. 2000-இல் நியூ ஜெர்சியில் தொடங்கிய பொது விதிமுறை மெல்ல எல்லா இடத்துக்கும் பரவியது. ஐந்து நிமிஷச் சுற்று, எடைப் பிரிவு, நடுவர் புள்ளி. கால் மணி நேரம் கீழே கிடந்து கடைசியில் டிரையாங்கிள் போடுகிற வழி இதோடு அடைபட்டது. கீழே இருந்து ஒன்றும் செய்யாவிட்டால் சுற்று எதிராளிக்குப் போய்விடும். 2006-இல் ஹோய்ஸ் திரும்பவும் யுஎஃப்சிக்கு வந்தார், எதிரில் மேட் ஹியூஸ். முதல் சுற்றிலேயே ஹியூஸ் அவர் முதுகைப் பிடித்து, தரையோடு தட்டையாக்கி, குத்தியே முடித்தார். நான் அந்தச் சண்டையைப் பார்க்கும்போதெல்லாம் ஹியூஸின் கால்களைத்தான் பார்ப்பேன். மல்யுத்தக்காரரின் கால்கள் ஹோய்ஸின் இடுப்புக்குள் கொக்கி போட்டிருக்கும். ஹோய்ஸின் குடும்பம் உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த கொக்கி.

இனி சார்ல்ஸ் ஒலிவேரா. சாவோ பாவ்லோ மாநிலத்தின் குவாருஜா நகரில் ஏழைக் குடியிருப்பிலிருந்து வந்தவர். யுஎஃப்சி வரலாற்றிலேயே அதிகமான சண்டைகளைப் பிடி போட்டு முடித்தவர். ஆனால் 2021 மே மாதம் அவர் லைட்வெயிட் பட்டம் வென்றது குத்தி. "பார்த்தியா சித்தி, அவனே குத்தித்தான் ஜெயிச்சான்" என்று அக்கா பையன் தன் வாதத்துக்கு இதைத்தான் எடுத்து வைப்பான்.

நான் அவனுக்கு 2022 மே மாதச் சண்டையைப் போட்டுக் காட்டினேன். எதிரில் ஜஸ்டின் கேட்ஜி, இடி மாதிரி குத்துகிறவர். முதல் சுற்றில் ஒலிவேரா கீழே விழுகிறார். வேறு யாராக இருந்தாலும் கேட்ஜி மேலே பாய்ந்து குத்தி முடித்திருப்பார். சண்டையில் இதைவிட நல்ல வாய்ப்பு வராது. ஆனால் கேட்ஜி நின்றுவிட்டார். கீழே கிடந்தவரின் கால்களைப் பார்த்தார், உள்ளே போகவில்லை. ஒலிவேரா எழுந்தார். சற்று நேரத்தில் அவருடைய வலது கை கேட்ஜியைக் கீழே தள்ளியது. இவர் யோசிக்கவே இல்லை, கூடவே போய் முதுகைப் பிடித்துக் கழுத்தை நெரித்து முடித்தார்.

அந்தத் தயக்கத்தை ரிமோட்டில் பின்னால் ஓட்டி மறுபடி காட்டினேன். பிஜேஜே அந்த இடத்தில் எதையும் செய்யவில்லை. கேட்ஜியைச் செய்யவிடாமல் வைத்தது. ஒலிவேரா அவ்வளவு தைரியமாக முன்னேறிக் குத்துவதும் இதனால்தான், விழுந்தாலும் பின்னாலேயே வரப் பலர் தயங்குவார்கள். எத்தனை சண்டை பிடியில் முடிந்தது என்று எண்ணிப் பார்த்து பிஜேஜே செத்துவிட்டது என்கிறவர்கள், எத்தனை பேர் கீழே போக மறுத்தார்கள் என்று எண்ணுவதில்லை. எண்ணவும் முடியாது, அது ஸ்கோர்கார்டில் வராது.

அதே ஒலிவேராவை அந்த வருஷம் அக்டோபரில் அபுதாபியில் இஸ்லாம் மகச்சேவ் தோற்கடித்தார். ரஷ்யாவின் தாகெஸ்தான்காரர், சாம்போ என்ற ரஷ்யப் பிடிச்சண்டையும் மல்யுத்தமும் வளர்த்த ஆள். இரண்டாவது சுற்றில் கையையும் கழுத்தையும் சேர்த்து நெரித்து, ஒலிவேராவையே தட்டவைத்தார். கிரேசி என்ற பேர் இல்லாமலேயே இந்தப் பாடம் ஊர்ப்பொதுச் சொத்தாகிவிட்டது. மல்யுத்தக்காரர் போய் நெரிக்கிறார், ஜுஜிட்சுக்காரர் போய் குத்துகிறார். யார் எந்தப் பள்ளி என்று பார்த்து இனி ஒன்றும் சொல்ல முடியாது.

நம் நாட்டுக்கு வந்தால், இது இன்னும் பொதுச் சொத்தாகவில்லை. பூஜா தோமர் 2024 ஜூன் மாதம் யுஎஃப்சியில் ஜெயித்தபோது எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழு நாள் முழுக்க அலறியது. யுஎஃப்சியில் வென்ற முதல் இந்தியப் பெண். சீனச் சண்டைக் கலையான வூஷுவிலிருந்து வந்தவர், உதை பிரமாதமாக இருக்கும். அடுத்த வருஷம் லண்டனில் இரண்டாவது சுற்றில் ஆர்ம்பாரில் மாட்டித் தோற்றார். அவர் திறமையில் குறை சொல்லவில்லை. கால் உதைக்கும், கை குத்தும், ஆனால் கீழே போனபின் கை எங்கே இருக்கக்கூடாது என்பது யோசிக்காமலே வரவேண்டும். யோசித்தால் நேரம் போய்விடும். அதற்குப் பல வருஷம் மேட்டில் புரண்டிருக்க வேண்டும்.

புரள்வதற்குச் சென்னை சௌகரியமான ஊர் இல்லை. மே மாதத்தில் கீ போட்டு ஒரு சுற்று ஆடினால், கழற்றிப் பிழிந்தால் பக்கெட் நிறையும். அப்புறம் படர்தாமரை. புழுக்கமும் வியர்வையும் தோலோடு தோல் உரசலும் சேர்ந்தால் அது வராமல் எங்கே போகும்? வகுப்பு முடிந்ததும் கிருமிநாசினி போட்டு மேட்டைத் துடைப்பது யார் முறை என்று ஒரு பட்டியல் சுவரில் ஒட்டியிருக்கிறது. தோலில் வட்டமாகச் சிவந்திருந்தால் மேட்டில் ஏற்றமாட்டார் கோச். எத்தனை கெஞ்சினாலும் சரி. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வீட்டுக்குப் போய்க் குளிக்கலாம் என்று இருக்காதீர்கள், அங்கேயே குளித்துவிட்டு பஸ் ஏறுங்கள்.

ஹீல் ஹுக் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விடமாட்டேன், தொழில் அப்படி. குதிகாலைப் பிடித்துத் திருகுவது. திருகுவது குதிகாலை என்றாலும் கிழிவது முழங்கால் தசைநார். ஆர்ம்பாரில் வலி முன்கூட்டியே எச்சரிக்கும், இதில் வலி வரும்போது வேலை முடிந்திருக்கும். கீ இல்லாத போட்டிகளில்கூட பிஜேஜேயின் பெரிய சங்கம் 2021-இலிருந்துதான் பழுப்பு, கருப்பு பெல்ட்காரர்களுக்கு இதை அனுமதித்தது. எம்எம்ஏ-வில் எல்லாருக்கும் உண்டு. யூடியூபில் பார்த்துவிட்டு நண்பர்களுக்குள் போட்டுப் பார்த்து, வீங்கிய முழங்காலோடு என் கிளினிக்கில் வந்து உட்காருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். "சும்மா திரும்பினேன் மேடம்" என்பார்கள். சும்மா திரும்பினால் அப்படி ஆகாது தம்பி.

இப்போது எங்கள் வகுப்பில் இரண்டு பையன்கள் அமெச்சூர் எம்எம்ஏ போட்டிக்குத் தயாராகிறார்கள். ஒருவன் நான் சொன்ன டெலிவரிப் பையன். ஆர்ம்பாரும் டிரையாங்கிளும் கேட்டால் கிடைக்காது, கோச் தினமும் செய்யவைப்பது கீழே விழுந்து எழுந்திருப்பது. ஒரு கை ஊன்றி, ஒரு காலால் எதிராளியைத் தூரத்தில் நிறுத்தி, மறு காலைப் பின்னால் இழுத்து எழுவது. அது பிஜேஜே வகுப்பின் முதல் நாள் பாடம்தான். அப்புறம் முதுகைச் சுவரில் ஒட்டி, மேலே அழுத்துகிறவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, இடுப்பை அங்குலம் அங்குலமாகச் சுவரோடு ஏற்றுவது. கூண்டின் வலைக்குப் பதிலாக எங்களிடம் இருப்பது மாடியின் வடக்குச் சுவர்தான். போன வாரம் கட்டடத்தின் சொந்தக்காரர் மேலே வந்து பார்த்தார். இடுப்பு உயரத்திலிருந்து தோள் உயரம் வரை வெள்ளைச் சுண்ணாம்பெல்லாம் போய், பழுப்பாக ஒரு பட்டை. "மாடியில யோகா கிளாஸ்னுதானே சொன்னீங்க?" என்று கேட்டார். கோச் என்னைப் பார்த்தார். பிசியோதெரபி மாதிரிதான் சார் என்று நான் ஆரம்பித்தேன், அவர் நம்பியதாகத் தெரியவில்லை.